அண்ணாச்சி வெட்டிய வெள்ளை ஓரம்

அண்ணாச்சி தோசையின் ஓரத்தைக் கிள்ளிப் போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவார் என்று அவர் மனைவி ஒருமுறை என்னிடம் சொன்னாள். நான் உடனே நம்பினேன். ராஜபாளையத்தில் அவருடைய பிரேம் கடைக்கு ஒருதரம் போய் வந்த யாரும் நம்புவார்கள். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் முதலில் அதன் நான்கு ஓரங்களைத்தான் பார்ப்பார். படத்தில் இருப்பது சாமியா, செத்துப்போன மாமனாரா, மில்லில் கொடுத்த பாராட்டுப் பத்திரமா என்பதெல்லாம் பிறகு. இரும்பு ஸ்கேலை வைப்பார், கத்தியை ஒரே இழுப்பு இழுப்பார், சுற்றியிருந்த வெள்ளை அத்தனையும் கீழே விழுந்து கிடக்கும். வாடிக்கையாளர் வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

பேச்சும் அந்த ரகம்தான். "எவ்வளவு அண்ணாச்சி?" என்றால் "எண்ணூறு" என்பார். "எப்ப வரட்டும்?" என்றால் "வியாழன்." அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் கிளார்க். பள்ளிக்கூடம் என்றதும் ஊரே என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடும், அவரும் அப்படித்தான். கிளார்க் வேலையில் இருப்பவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் எதையாவது இழுத்துப் பேச ஆரம்பித்தால், "டீச்சர், சோலி கெடக்கு" என்று பிரேமுக்கு வைத்திருக்கிற பீடிங் கட்டையை எடுத்து அறுக்கத் தொடங்கிவிடுவார். எரிச்சலாகத்தான் வரும். ஆனால் மூலை நான்கும் அவர் சேர்க்கிற மாதிரி இந்த வட்டாரத்தில் யாரும் சேர்த்ததில்லை.

ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் இயேசு படம் போட்ட காலண்டர் ஒன்றைப் பிரேம் போடக் கொடுத்தேன். கீழே ஜவுளிக்கடை விளம்பரம் இருந்தது. அதை எடுத்துவிடுங்கள் என்று நானே சொன்னேன். அவர் விளம்பரத்தோடு அதற்கு மேலே இருந்த வேத வசனத்தையும் சேர்த்து வெட்டிவிட்டார்.

"வசனத்தை வெட்டிட்டீங்களே அண்ணாச்சி. வெளங்குமா?"

"உங்களுக்கு வசனம் தெரியும்லா டீச்சர்?"

"தெரியும்."

"பொறவு என்ன?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இயேசு இன்றைக்கும் வசனம் இல்லாமல்தான் எங்கள் வீட்டு நடையில் இருக்கிறார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அவர் என்ன செய்வார் என்று தெரியாமல் ஒன்றும் நான் அந்தக் கடைக்குப் போகவில்லை.

இன்னொரு நாள் நான் கடையில் நிற்கும்போது ஒரு குடும்பம் கல்யாணப் போட்டோவோடு வந்தது. மாப்பிள்ளையின் அண்ணிக்கும் அவர்களுக்கும் சொத்துத் தகராறு. படத்தில் அண்ணி வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றார்கள். ஒரே இழுப்பில் அண்ணி போய்விட்டாள். ஆனால் மாப்பிள்ளையின் தோளில் நாலு விரல் மட்டும் மிச்சம் இருந்தது. வந்தவர்களில் ஒரு அம்மாள் விரலையும் எடுக்கச் சொன்னாள்.

"வெரலை எடுத்தா தோளு போயிரும்," என்றார் அண்ணாச்சி. "கெடக்கட்டும்."

வெட்டின அண்ணியை அவர் குப்பையில் போடவில்லை. முகம் இருக்கிற துண்டுகளைப் போட்டுவைக்க ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தார். என்றைக்காவது சமாதானமாகித் திரும்ப வருவார்கள் என்பார். சில பேர் வந்தும் இருக்கிறார்கள். முகம் இல்லாத வெறும் வெள்ளைத் துண்டுகளுக்கு வேறு வேலை. கண்ணாடிக்கும் பின்னால் அடிக்கிற அட்டைக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் படம் உள்ளே ஆடும். அந்த இடத்தில் இந்தத் துண்டுகளை மடித்துச் செருகுவார். அண்டை கொடுப்பது என்பார்கள். ஒரு படத்தில் வெட்டின ஓரம் இன்னொரு படத்துக்கு அண்டையாகப் போய்விடும். ராஜபாளையம் வீடுகளில் தொங்குகிற பாதிச் சாமிகளுக்குப் பின்னால் யார் யாருடைய ஓரமோதான் இருக்கிறது.

எங்கள் வீட்டுப் படத்தின் கதை வேறு. என் வீட்டுக்காரர் ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர். மகள் பிறப்பதற்கு முந்தின வருஷம் ஓர் ஓவியர் வந்து ஒரு மாதம் தங்கி ஆலையை வரைந்தார். இவர்தான் அவரைச் சுண்ணாம்புக்கல் குவாரி, சூளை என்று எல்லா இடத்துக்கும் கூட்டிக்கொண்டு அலைந்தார். மத்தியானச் சாப்பாடு என் கையால். ஊருக்குப் போன ஓவியர், செம்புத் தகட்டில் கீறி அச்செடுத்த படம் ஒன்றை அனுப்பி வைத்தார். இரண்டு புகைபோக்கி, சூளை, கல் கொண்டுபோகிற பெல்ட், வெட்டிப் போட்ட குவாரிப் பள்ளம். மேலே பாதித் தாளுக்கு ஒன்றுமே இல்லாத வானம். கீழே அகலமான வெள்ளை ஓரத்தில் பென்சிலால் இடது பக்கம் 7/15 என்று எண், நடுவில் தலைப்பு, வலது பக்கம் கையெழுத்து. இவர் அதைத் தன் வரைபடக் குழாயில் சுருட்டி வைத்திருந்தார். எப்போதாவது எடுத்து விரித்துப் பார்ப்பார். பெல்ட்டைப் பக்கம் மாற்றி வரைந்துவிட்டான் என்று குறை சொல்வார். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் இவர் சட்டையிலிருந்து வாளி வாளியாக அலசி ஊற்றின வெள்ளைத் தண்ணீர்தான் ஞாபகம் வரும். துவைக்கிற கல்லே வெளுத்துப் போயிருந்தது.

இவர் ரிட்டையர்டு ஆன மறுவருஷம் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. பிசியோதெரபிக்கு ஆள் தினமும் வந்து ஆறு மாதம் விடாமல் செய்தால் கை திரும்பலாம் என்றார் டாக்டர். முதல் ஆறு மாதம்தான் முக்கியம், விட்டால் கிடைக்காது என்றும் சொன்னார். வருகிறவருக்கு ஒரு நாளைக்கு ஐந்நூறு. என் சம்பளம் மருந்துக்கும் பகலில் பார்த்துக்கொள்கிற அம்மாளுக்கும் போய்விடும். அந்தச் சமயத்தில்தான் சென்னையில் இருக்கிற என் மகள் அந்தப் படத்தைப் போனில் எடுத்து எதிலோ போட்டாள். இரண்டு நாளில் ஒருவர் அவளைக் கூப்பிட்டார். சென்னையிலேயே படங்கள் வாங்கி விற்கிறவர். அந்த ஓவியர் இறந்துபோய் இப்போதுதான் பெயர் பெரிதாகியிருக்கிறதாம், இந்தத் தகட்டில் எடுத்தது மொத்தமே பதினைந்துதானாம். ஒரு லட்சம் தருகிறேன், நேரில் வந்து பார்த்து எடுத்துக்கொள்கிறேன் என்றாராம். அந்த ராத்திரி நான் தூங்கவே இல்லை. இவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. லட்ச ரூபாய்க்கு வருகிறவர் முன்னால் சுருண்டுபோன ஒரு தாளையா நீட்டுவது? பெண் பார்க்க வரும்போது பெண்ணுக்கு நல்ல சேலை கட்டுகிற மாதிரி, படத்துக்கு ஒரு பிரேம் போட்டு வைப்போம் என்று நினைத்தேன். கொண்டுபோய் அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அவர் அதை விரித்து வெகுநேரம் பார்த்தார். வழக்கமாக அப்படிப் பார்க்க மாட்டார்.

"ஆளே இல்லையே டீச்சர். இம்புட்டு பெரிய பாக்டரி, ஒரு ஆளு இல்ல."

"அது மத்தியானச் சாப்பாட்டு நேரமாம் அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரர் சொல்வார்."

"அப்பம் சரி," என்றார். அந்தப் பதில் அவருக்குப் பிடித்துவிட்டது போலிருந்தது.

மறுநாள் சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிற பேருந்தில் நின்றுகொண்டு வருகிறேன். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பை. வீட்டில் இவரைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் இருட்டுவதற்குள் போகவேண்டும் என்று ஏற்கெனவே இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டாள். மூன்றாவது தரம் போன் அடித்ததும் அவள்தான் என்று எடுத்தேன். அண்ணாச்சி. எத்தனையோ வருஷப் பழக்கத்தில் அவர் எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"டீச்சர், கீழ ஓரத்துல பென்சில்ல என்னமோ எழுதிருக்கு. வெட்டவா, வைக்கவா?"

எதையும் கேட்காமல் வெட்டுகிற மனுஷன் கேட்கிறார். அதிலேயே நான் விழித்திருக்க வேண்டும். "என்னமோ செய்யுங்க அண்ணாச்சி. வெட்டுறதுன்னா வெட்டுங்க. பளிச்சுன்னு இருந்தாச் சரி," என்று சொல்லிப் போனை வைத்தேன். அந்த நேரத்தில் எனக்கு இறங்கவேண்டிய இடத்தைத் தவிர வேறு ஒன்றும் மனதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சென்னைக்காரர் வந்தார். படம் சுவரில் பளபளவென்று தொங்கியது. தேக்கு நிறப் பீடிங், புதுக் கண்ணாடி. அண்ணாச்சியும் வந்திருந்தார். லட்ச ரூபாய்ப் படத்துக்குத் தான் போட்ட பிரேமை வந்தவர் என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். சென்னைக்காரர் சுவரைப் பார்த்தபடி முதலில் நன்றாகத்தான் பேசினார். அந்த வானத்தில் இருக்கிற மௌனம், மனிதன் விட்டுப்போன நிலம் என்று என்னென்னவோ சொன்னார். சாப்பாட்டு நேரம் என்று நான் சொல்லவில்லை. பிறகு கிட்டே போய்க் குனிந்தார். அப்படியே நின்றார்.

"கீழே எண்ணும் கையெழுத்தும் இருந்ததே? போட்டோவில் பார்த்தேனே."

அதே சமயம் இவர் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்தார். நான் ஓடிப்போய் இரண்டு கையையும் இவர் கக்கத்தில் கொடுத்துத் தூக்கி நிமிர்த்திக்கொண்டிருந்தேன்.

"அந்த ஓரம் இருந்தால்தான் அம்மா விலை. அது இல்லாவிட்டால் எவன் வேண்டுமானாலும் நகல் எடுத்த தாள் என்பான்," என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. "யார் வெட்டச் சொன்னது?"

அண்ணாச்சி என்னை ஒரு தரம் பார்த்தார். நான் இவரைத் தூக்கின கையோடு நின்றேன். இவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சுத்தான் போயிற்றே தவிர, காதும் புத்தியும் இவருக்குத் தெளிவாகத்தான் இருந்தன.

"யாரும் சொல்லல. நாந்தான் கேக்காம வெட்டிட்டேன்," என்றார் அண்ணாச்சி.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த நிமிஷத்தில் அது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

துண்டுகள் கிடைத்தால் ஒட்டிப் பார்க்கலாம், ஆனால் கால் விலைக்கு மேல் கிடையாது என்று சொல்லிவிட்டுச் சென்னைக்காரர் போய்விட்டார். ஓரத்தில் முகம் இல்லாததால் அது பிஸ்கட் டின்னுக்குப் போகவில்லை. அன்றைக்கே மூன்றாக நறுக்கி மூன்று படங்களுக்கு அண்டை கொடுத்திருந்தார். மறுநாளே கடையைப் பூட்டிக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகக் கிளம்பினார். முதல் படம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடையின் ஆண்டாள். பின் அட்டையைக் கழற்றினால் 7/15 இருந்தது. இரண்டாவது, ராஜபாளையத்திலேயே ஒரு புதுமனைப் புகுவிழா வீட்டுப் பெருமாள். அதில் தலைப்பு இருந்தது. அப்படியானால் கையெழுத்து மூன்றாவதில்தான். அது ஸ்ரீவில்லிபுத்தூரில் பதினாறாம் நாள் காரியத்துக்காகப் போட்ட, இறந்துபோன ஒருவரின் படம். மாலை போட்டு விளக்கேற்றி வைத்திருந்தார்கள்.

அந்த வீட்டு அம்மாள் முடியாது என்றுவிட்டாள். "வருசம் திரும்புற வரைக்கும் அவியளை இறக்க மாட்டோம். எங்க வீட்டு வழக்கம் அப்படி," என்றாளாம். அண்ணாச்சி வற்புறுத்தாமல் வந்துவிட்டார். முதல் ஆறு மாதத்தில் கால் விலையாவது வந்திருந்தால் கொஞ்ச நாளுக்கு ஆள் வைத்திருப்பேன். வரவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் நானே இவர் கையை மடக்கி நீட்டிவிட்டுப் போனேன். போனில் படித்துத் தெரிந்துகொண்டு செய்தது. இவர் விரல்கள் மடங்கினது மடங்கினபடியே நின்றுவிட்டன.

கதையை ஊருக்குள் நானா பரப்பினேன்? இல்லை. மகள் அவள் சினேகிதிகளிடம் சொன்னாள், பார்த்துக்கொள்கிற அம்மாள் தெருவில் சொன்னாள். லட்ச ரூபாய்ப் படத்தைக் கேட்காமல் வெட்டினவர் என்று அண்ணாச்சிக்குப் பெயர் வந்தது. கடைக்குக் கொடுக்கிற படங்களின் முதுகில் 'ஓரம் வெட்டக் கூடாது' என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அவர் அதை வாசித்துவிட்டு, அப்படியே வெள்ளையோடு பிரேம் போட்டார். வருஷா வருஷம் தொழிலாளர்களுக்குக் கொடுக்கிற பத்திரங்களை மொத்தமாக அவரிடம் கொடுத்து வந்த ஒரு நூற்பாலை, அந்த வருஷம் வேறு கடைக்குக் கொடுத்தது. அவருக்கு வருஷத்தில் பாதி வரும்படி அதுதான். இது எனக்குத் தெரியும். நாளைக்குப் போய்ச் சொல்லிவிடலாம், இந்த ஞாயிறு போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். மகளுக்குத் தெரிந்தால், இவருக்குத் தெரிந்தால் என்று ஒவ்வொரு தடவையும் கால் பின்னுக்கு இழுத்தது. பிறகு அலுப்பு. அந்த வருஷம் முழுக்க எனக்கு எதைச் செய்வதற்கும் தெம்பில்லாமல் இருந்தது.

வருஷம் திரும்பின அன்று அண்ணாச்சியே என் பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டார். நாள் கணக்கு வைத்திருந்திருக்கிறார். இரண்டு பேரும் அந்த வீட்டுக்குப் போனோம். அவர்கள் மரியாதையாகப் படத்தை இறக்கித் தந்தார்கள். அண்ணாச்சி கீழே ஒரு துண்டை விரித்து, அதன்மேல் படத்தைக் கவிழ்த்து, ஆணி ஆணியாக எடுத்தார். அட்டைக்கு அடியில் மடித்த தாள் இருந்தது. விரித்தால் கையெழுத்து. அதை இரண்டு கையாலும் என்னிடம் தந்தார்.

அந்த வீட்டு மாப்பிள்ளை பக்கத்தில் நின்றவன், "ஒழுங்கா மாட்டும் ஓய். எங்க மாமாவையும் கேக்காம வெட்டிராதயும்," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மாளும் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அண்ணாச்சி ஆணியை வாயில் வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் அட்டையைத் திரும்ப அடித்தார். நான் தாளைப் பையில் வைத்தேன்.

பேருந்து நிலையத்தில் வண்டிக்கு நின்றோம். பிறகு அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அங்க வச்சாவது சொல்லுவியன்னு பாத்தேன் டீச்சர்."

"அன்னைக்கு நீங்களே சொல்லிருக்கலாம்லா அண்ணாச்சி?" என்றேன். என்ன வாய் எனக்கு.

"நீங்க சாரைத் தூக்கிக்கிட்டு நின்னிய. அந்நேரம் போயி என்னத்தச் சொல்ல," என்றார். "பொறவு சொல்லுவியன்னு நெனச்சேன். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் நெனச்சேன்."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பேருந்து வந்தது. நான் ஏறினேன். அவர் ஏறவில்லை. அடுத்ததில் வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு, டீக்கடைப் பக்கம் போய்விட்டார். வண்டியில் இடம் நிறைய இருந்தது.

மறுநாள் லீவு போட்டு அந்த நூற்பாலை ஆபீசுக்குப் போனேன். வெட்டச் சொன்னது நான்தான், அவர் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் வெட்டினார் என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் எனக்கு நாற்காலி போட்டார், காபி வரவழைத்தார். "உங்க மனசு யாருக்கு மேடம் வரும்? லட்ச ரூபாயைக் கெடுத்தவருக்குப் பரிஞ்சு பேசுறீங்க," என்றார். சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். அவர் சிரித்தபடியே தலையை ஆட்டினார். சர்ச்சில் சொன்னேன். அடுத்த வாரம் போதகர் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தார், பெயர் சொல்லாமல் என்னை உதாரணம் காட்டினார். மகளிடம் சொன்னேன். "நீ எப்பவும் இப்படித்தாம்மா, எல்லாத்தையும் உன் தலையில இழுத்துப் போட்டுக்குவ," என்றாள். வீட்டில் இவரிடமும் சொன்னேன். இவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. படத்தைச் சென்னைக்காரர் கால் விலைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் கடையிலேயே மாரடைப்பு வந்து அண்ணாச்சி போய்விட்டார். ஐம்பத்தைந்துகூட ஆகவில்லை. துட்டி விசாரிக்கப் போனேன். கூட்டம் குறைந்ததும் அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, அவளிடமாவது உருப்படியாகச் சொல்லிவிட வேண்டும் என்று, பேருந்தில் வந்த போனிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னேன். அவள் முழுசாகக் கேட்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மில்லு வேலை போனதுக்கு நான் அவியளை எம்புட்டோ ஏசிருக்கேன்க்கா. கடைசி வரைக்கும் நாந்தான் கேக்காம வெட்டிட்டேன்னுதான் சொன்னாவ. வாயில வேற ஒரு சொல்லு வரல. அவிய போயிட்டாவங்கிறதுக்காக நீங்க பொய் சொல்ல வேண்டாம்க்கா," என்றாள்.

என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.